வெந்நீர்த் தொட்டியும் மின்வடத்தின் பருமனும்

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில், இலண்டன் மாநகரின் வடமேற்குப் புறத்தே வாழும் என் வகுப்புத் தோழர் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருடைய வீட்டுப் பின்வளவின் கோடியில், பலகை மேடை ஒன்றின்மீது, நம்மூர்க் கிணற்றடித் தொட்டியினும் மிகப் பெரியதொரு தொட்டி மூடியிட்டபடி வீற்றிருந்தது. முழங்கால் வாதத்தினால் நெடுநாளாக வருந்தும் அவருக்கு, வெந்நீரில் அமர்ந்திருந்தால் நோவு தணியும் என்று பிள்ளைகள் மூவரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது அது. தொட்டி வந்து மூன்று கிழமையாகியும் அதிலே ஒரு வாளி தண்ணீர் தானும் ஊற்றப்படவில்லை. மின்வேலை செய்வோர் இருவரை அழைத்துக் கேட்டாராம். ஒருவர் 4 சதுர மில்லிமீற்றர் வடம் தாராளமாகப் போதும் என்றார்; மற்றவர் 10 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தால் தாம் கைவைப்பதில்லை என்றார். இரண்டுக்கும் விலையிலே பெரிய வேறுபாடு. "நாற்பது வருடமாய் மின்பொறியியலாளன் என்று சொல்லித் திரிகிறாய், மச்சான். இருவரில் எவர் என்னை ஏய்க்கிறார் என்று சொல்" என்று படத்தின் கீழே எழுதியிருந்தார்.

இருவரும் ஏய்க்கவில்லை என்றும், ஆயினும் இருவரும் அளந்து பாராமற் பேசுகின்றனர் என்றும் மறுமொழி எழுதினேன். வடத்தின் பருமனைக் கண்ணாற் பார்த்துச் சொல்லுதல் கூடாது. கணக்கிட்டே சொல்லுதல் வேண்டும். அந்தக் கணக்கோ நமது கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் கற்றவற்றுக்கு அப்பாற் செல்வதன்று. ஆண்டு விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, அக்கணக்கையே விரித்து எழுதலாம் எனத் துணிந்தேன். பௌதிகவியல் படிக்கும் மாணவர்க்கு அது பயன்படக்கூடும். கிணற்றுக்கும் குளியலறைக்கும் வடம் இழுக்கும் பழைய மாணவர்க்கோ நிச்சயமாகப் பயன்படும்.

இத்தொட்டியின் பிறப்பு வரலாறு நம்மவர்க்கு முற்றும் அந்நியமானதன்று என்பதை இடையே கூறிவிடுகின்றேன். இத்தாலி நாட்டிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்ணியாவுக்குக் குடிபெயர்ந்த ஜக்கூசி சகோதரர்கள் முதலில் விமானத்துக்கான சுழல்விசிறிகளையும், பின்னர்த் தோட்டக் கிணறுகளுக்கான நீரிறைக்கும் பம்பிகளையும் செய்து விற்றவர்கள். அக்குடும்பத்துக் குழந்தையொன்று மூட்டுவாத நோயினால் வருந்திற்று. அப்பிள்ளையின் தந்தை கண்டிடோ ஜக்கூசி என்பவர், குளிக்கும் தொட்டியிலே வைத்து நீரைச் சுழற்றக்கூடிய சிறு பம்பி ஒன்றை ஆக்கினார். அக்குடும்பத்தின் பிந்திய தலைமுறையினரான றோய் ஜக்கூசி 1968இல் பம்பியையும் தொட்டியையும் ஒன்றாக இணைத்தார். கிணற்றடிப் பம்பி நோயாளிக் குழந்தையின் பொருட்டு வீட்டுக்குள் வந்த கதை இது. பம்பிக்கும் வடத்துக்கும் உள்ள உறவை நான் முதன்முதலாக அறிந்ததும் ஒரு கிணற்றடியிலேதான். அதனைப் பின்னர்ச் சொல்லுவேன்.

முதலாவதாக, தொட்டி எவ்வளவு மின்னோட்டத்தை வேண்டுகின்றது என்று அறிதல் வேண்டும். அதன் பக்கத்திலே ஒட்டியிருந்த பெயர்த்தகட்டைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்டேன். 230 உவோற்று, 32 அம்பியர் என்று அதிலே பொறித்திருந்தது. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் 7360 உவாற்று வரும். இதிலே 3000 உவாற்று நீரைச் சூடாக்கும் சுருளுக்கு. எஞ்சியது பம்பிகளுக்கும் காற்றூதிக்கும். 13 அம்பியர்ச் செருகியிற் பொருத்தும் சிறிய தொட்டிகளும் உள. அவற்றிலே பம்பி முழுவேகத்தில் ஓடும்போது சுருள் நின்றுவிடும். நண்பருடையதில் யாவும் ஒருங்கே இயங்கும்.

32 அம்பியர் என்பது தனியே பார்த்தாற் பேரளவன்று. குளியலறையில் உடன் சூடாக்கித் தரும் மின்தாரைகள் அவ்வளவையோ அதற்கு மேலோ இழுக்கின்றன. ஆயினும் தாரையின் கீழ் ஒருவர் ஐந்து பத்து நிமிடம் நிற்பார். தேநீர்க் கேத்தல் மூன்று நிமிடத்திற் கொதித்து அடங்கிவிடும். தொட்டியின் செய்தி வேறு. 1200 லீற்றர் நீரை 15 பாகை செல்சியசிலிருந்து 38 பாகைக்கு உயர்த்துவதற்கு ஏறத்தாழ 32 அலகு மின்சாரம் செலவாகும். 3 கிலோஉவாற்றுச் சுருள் அதனைச் செய்து முடிக்கப் பதினொரு மணித்தியாலம் வரை செல்லும். அவ்வளவு நேரமும் வடம் இளைப்பாறுவதில்லை. சிறிது நேரம் சுமையைத் தூக்கி இறக்குபவனுக்கும், அதனைத் தலையில் வைத்துக்கொண்டு பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை நடப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இது. ஆதலின் இத்தகைய சுமைக்கு வடம் தேரும்போது, 'எப்போதாவதுதானே' என்ற சலுகை எதுவும் கொடுத்தல் ஆகாது.

ஓட்டம் பாயும் கடத்தி சூடாகும் என்பதையும், அச்சூடு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்பதையும் யூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841ஆம் ஆண்டிலே நிறுவினார். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இவ்வெப்பம் செப்பிலிருந்து பிளாத்திக்கு உறையைக் கடந்து வெளியேறுதல் வேண்டும். சாதாரண பி.வி.சி. உறை, கடத்தியின் வெப்பநிலை 70 பாகைக்கு மேற்படாதவரையில் நெடுங்காலம் உழைக்கும். அதற்கு மேற்பட்டால் நாளடைவில் இளகி, பின்னர்ப் பொரிந்து, வெடித்து, ஒரு நாள் இரு கடத்திகளையும் ஒன்றோடொன்று தொடவிடும். வடத்தின் 'கொள்திறன்' என்று அட்டவணைகளிற் காண்பது, செப்பை இந்த 70 பாகைக்குள் வைத்திருக்கும் மிகக்கூடிய ஓட்டமேயாகும்.

பிரித்தானிய விதிநூலான பி.எஸ். 7671இன் அட்டவணைகளின்படி, உருக்குக் கம்பிக் கவசமிட்ட இருகரு பி.வி.சி. வடம், சுவரின்மேற் காற்றுப்படக் கட்டியிருக்கும்போது, 4 சதுர மில்லிமீற்றர் ஆயின் 38 அம்பியரையும், 6 ஆயின் 49 அம்பியரையும், 10 ஆயின் 67 அம்பியரையும் தாங்கும். 4க்கும் 10க்கும் இடையே செப்பு இரண்டரை மடங்காகின்றது. தாங்கும் ஓட்டமோ ஒன்றேமுக்கால் மடங்குதான் ஆகின்றது. பருத்த கடத்தியில் வெப்பம் பிறக்கும் உடல் பெருக்கின்ற அளவுக்கு, வெப்பம் வெளியேறும் மேற்பரப்புப் பெருக்குவதில்லை என்பதே காரணம். 'இரண்டு மடங்கு சுமைக்கு இரண்டு மடங்கு வடம்' என்று வாய்க்கணக்குப் போடுவோர் இதிலேதான் இடறுகின்றனர்.

மேற்சொன்ன எண்களைப் பார்த்தால் முதலாவது மின்வேலையாளர் சொன்னது சரியென்றே தோன்றும். வேண்டியது 32, 4 சதுர மில்லிமீற்றர் தாங்குவது 38. ஆயினும் அந்த 38 என்பது சுற்றுக்காற்று 30 பாகையாக இருக்கும்போது உள்ள பெறுமானம். சித்திரை மாதத்தில் நமது ஊரிலே தகரக் கூரையின் கீழ்ச் செல்லும் வடத்துக்கு 30 பாகை ஏது? 40 பாகையில் 0.87 ஆற் பெருக்கிக் குறைத்தல் வேண்டும். 38 அங்கே 33 ஆகிவிடும். இலண்டனில் அத்தொல்லை இல்லை. அங்கே உள்ள தொல்லை குளிரினால் வருவது. குளிருக்கு அஞ்சிச் சுவர்களிலும் முகட்டிலும் கண்ணாடிப் பஞ்சை அடைத்து வைத்திருப்பார்கள். வீட்டுக்குக் கம்பளி, வடத்துக்கோ அது, மார்கழிப் பனிக்குப் போர்த்த போர்வையைச் சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு நிற்பது போன்றதாகும். அரை மீற்றருக்கு மேற்பட்ட தூரம் நாற்புறமும் பஞ்சு சூழ்ந்திருப்பின் வடத்தின் கொள்திறனைச் செம்பாதியாகக் கொள்க என்கிறது விதிநூல். அவ்வாறாயின் 4 சதுர மில்லிமீற்றர் 19 அம்பியரையும், 6 சதுர மில்லிமீற்றர் இருபத்துநான்கரை அம்பியரையும் மட்டுமே தாங்கும். 10 சதுர மில்லிமீற்றரோ 33 அம்பியருக்குச் சற்று மேலே நின்று, மயிரிழையிலே தப்பும்.

"வடம் எந்த வழியாகப் போகிறது?" என்று நண்பரைக் கேட்டேன். மாடிப்படியின் கீழுள்ள மின்மானியிலிருந்து சமையலறை முகட்டினூடாகச் சென்று, பின்சுவரைத் துளைத்து வெளியேறுவது என்றார். முகட்டிலே பஞ்சு உண்டோ என்றேன். மகனை ஏணியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு மீற்றர் தூரத்துக்குத் தலையணை போல் அடைத்திருக்கிறது என்று சொன்னார். 10 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அந்த முகட்டை முன்பே பார்த்திருத்தல் கூடும். காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். அதனாலேதான் அவர்மேல் ஐயம் பிறந்தது. முப்பத்தைந்து மீற்றர் வடத்திலே பஞ்சுக்குள் இருப்பது இரண்டு மீற்றர்தானே என்று எவரும் எண்ணற்க. வடம் கருகுவது அதன் சராசரியிலன்று; மிகவும் புழுங்குகின்ற இடத்திலேயாகும்.

இனி வெப்பத்தை விட்டு அழுத்த வீழ்ச்சிக்கு வருவோம். இங்கேதான் நமது கிணற்றடிக் கதை வருகின்றது.

1978ஆம் ஆண்டு, நான் உயர்தர வகுப்பிலே படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் தோட்டத்தில் வெங்காயம் நட்டிருந்தோம். அதுவரையில் மண்ணெண்ணெய் மிசினால் இறைத்துவந்த என் தந்தையார், வீட்டுக்கு மின்சாரம் வந்ததும் ஒரு பரிவலுவுள்ள மின்மோட்டர் ஒன்றை வாங்கினார். வீட்டிலிருந்து கிணறு 80 மீற்றர். கடைக்காரர், மோட்டர் இழுப்பது ஆறு அம்பியர்தான் என்று சொல்லி, 1 சதுர மில்லிமீற்றர் வடத்தைச் சுற்றிக் கொடுத்துவிட்டார். ஆறு அம்பியருக்கு அது சூடேறாது. அவர் சொன்னதிலே பிழையில்லை. கிணற்றடியில் ஒரு மின்குமிழும் நன்றாக எரிந்தது. ஆயினும் மோட்டரை இயக்கினால் அது 'ம்ம்' என்று முனகியதேயன்றிச் சுற்றவில்லை. கையாலே சுழற்றிவிட்டால் மெல்ல ஓடும். இப்படி நாலைந்து நாள் ஓட்டினோம். ஐந்தாம் நாள் மாலை புகை வந்தது. சுருள் முழுவதும் கருகிவிட்டது. மீளச் சுற்றுவித்து வருவதற்குள் பத்து நாளாயிற்று; அந்தப் பத்து நாளிலே வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளித்துப் பாத்தியோடு பாத்தியாய்ச் சாய்ந்ததை இன்றும் மறக்கமுடியவில்லை. மோட்டர் கூடாது என்றார் தந்தையார். மின்சாரமே கூடாது என்றார் பாட்டனார்.

அந்தக் கிழமை ஆய்வுகூடத்திலே மீற்றர்ப் பாலத்தைக் கொண்டு ஒரு கம்பியின் தடைத்திறனை அளக்கும் பரிசோதனை. என் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்ட பௌதிக ஆசிரியர், முழுவதையும் கேட்டபின் மோட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "வடத்தின் நீளம் எவ்வளவு? பருமன் எவ்வளவு? கரும்பலகையிலே எழுது" என்றார். எழுதினேன். ஓட்டம் போய்த் திரும்ப வேண்டுமாதலின் நீளம் 160 மீற்றர். அப்பருமனுள்ள செப்புக் கம்பியின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.018 ஓம். மொத்தம் 2.9 ஓம். ஆறு அம்பியர் ஓடும்போது பதினேழு உவோற்றுக்கு மேல் வடத்திலேயே அழிந்துவிடும். அதுவும் ஓடத் தொடங்கிய பின்னரான கதை. நின்ற மோட்டர் புறப்படும் கணத்தில் வேண்டுவது ஆறு அம்பியரன்று. ஐந்தாறு மடங்கு, அதாவது முப்பத்தைந்து வரை. அவ்வளவு ஓட்டத்தை அந்த மெலிந்த வடத்தினூடே இழுக்க முயன்றபோது, மோட்டரின் முனைகளுக்குக் கிடைத்தது 160 உவோற்று மட்டிலேயாகும். மோட்டரின் முறுக்குவிசையோ அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகையால் அது பாதிக்கும் குறைந்துவிட்டது. கிணற்று நீரின் சுமையை அசைக்க அது போதவில்லை. அசையாத மோட்டர் புறப்படும் ஓட்டத்தையே தொடர்ந்து இழுத்துக்கொண்டு நின்று எரிந்தது.

நீண்ட மண்வாய்க்காலிலே தண்ணீர் விடுபவர் எவர்க்கும் இது புதுமையன்று. கிணற்றடியில் வாய் நிரம்பப் புறப்படும் நீர், கடைசிப் பாத்திக்குச் சேரும்போது நூலாகிவிடும். வாய்க்கால் உடைந்ததென்று எவரும் சொல்லார். வழியிலே ஊறிப்போயிற்று என்பர். தந்தையார் அவ்வடத்தைக் கழற்றிவிட்டு 4 சதுர மில்லிமீற்றர் வடம் இழுத்தார். தடை 0.74 ஓமுக்கு இறங்கியது. புறப்படும்போதே இருநூறு உவோற்றுக்கு மேல் கிடைத்தது. அதே மோட்டர், மீளச் சுற்றிய சுருளோடு, பல்லாண்டு உழைத்தது.

இலண்டன் தொட்டிக்கு மீள்வோம். 70 பாகைச் சூட்டில், ஓர் அம்பியருக்கு ஒரு மீற்றரில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி, போக்கும் வரவும் சேர்த்து, 4 சதுர மில்லிமீற்றர் வடத்தில் 11 மில்லி உவோற்று, 6இல் 7.3, 10இல் 4.4. தூரம் 35 மீற்றர், ஓட்டம் 32 அம்பியர். பெருக்கிப் பார்த்தால் முறையே 12.3, 8.2, 4.9 உவோற்று வரும். வீட்டின் தோற்றுவாயிலிருந்து சுமை வரை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வீழக்கூடாது என்று விதிநூல் வழிகாட்டுகிறது. 230இல் நூற்றுக்கு ஐந்து பதினொன்றரை உவோற்று. ஆகவே பஞ்சே இல்லாதிருந்தாலும் 4 சதுர மில்லிமீற்றர் வடம் இங்கே தவறிவிடுகின்றது. 38ஐயும் 32ஐயும் ஒப்பிட்டுப் பார்த்த முதலாமவர், தூரத்தை அளக்க மறந்தார். எங்கள் கடைக்காரர் விட்ட அதே பிழை.

நண்பருக்கு நான் சொன்ன யோசனை வழியை மாற்றுவது. முகட்டை விட்டு, மின்மானிக்கு அருகேயே சுவரைத் துளைத்து, வெளிச்சுவர் வழியே கொண்டுசென்று, பின் நிலத்தில் ஆழப் புதைத்தால் தூரம் 40 மீற்றர் ஆகும். ஆனாற் பஞ்சு இல்லை. அவ்வழியில் 6 சதுர மில்லிமீற்றர் வடம் 49 அம்பியரைத் தாங்கும். மண்ணுட் புதையும் பகுதியிலே 46 என்று கொள்ளலாம். வீழ்ச்சி 9.3 உவோற்று. இரண்டு சோதனையிலும் தேறிவிடும். இவ்வகை வடங்களுள் 90 பாகை தாங்கும் உறையுடையனவும் உள. அவற்றுக்கு அட்டவணை இன்னும் கூடிய ஓட்டத்தைக் காட்டும். அதனைக் கண்டு மயங்குதல் கூடாது. வடம் 90ஐத் தாங்கினாலும், அது போய் முடிகின்ற ஆளியின் முனைகள் பெரும்பாலும் 70க்கே ஆக்கப்பட்டவை.

ஆயின் விதியிலே தேறுவது ஒன்று, சிக்கனம் மற்றொன்று. கெல்வின் பிரபு, அந்நாளில் வில்லியம் தொம்சன் என்று வழங்கப்பட்டவர், 1881ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தார். மெல்லிய கடத்தி வாங்கும்போது மலிவு. ஆனால் ஆண்டுதோறும் வெப்பமாகிப் பணத்தைத் தின்னும். பருத்தது வாங்கும்போது விலை. பின்னர்ச் செலவு குறைவு. இரண்டும் சமப்படும் இடத்திலேதான் மிகச் சிக்கனமான பருமன் உண்டு என்றார். நண்பரின் வடத்தில் முழுச்சுமையின்போது 6 சதுர மில்லிமீற்றர் ஏறத்தாழ 300 உவாற்றையும், 10 சதுர மில்லிமீற்றர் 180 உவாற்றையும் வீணாக்கும். வேறுபாடு 120. தொட்டி முழுச்சுமையில் நாளுக்கு ஒரு மணி நேரமும், சூடாக்கும் சுருள் மட்டும் 13 அம்பியரில் ஐந்து மணி நேரமும் இயங்கும் என்று வைத்துக்கொண்டால், வர்க்க விதிப்படி அந்த ஐந்து மணி நேரத்தில் வேறுபாடு இருபது உவாற்று அளவே. ஆண்டு முழுவதும் சேர்த்து எண்பது அலகு மிஞ்சும். ஓர் அலகு 25 பென்ஸ் என்று கொண்டால் இருபது பவுண். வடம் முப்பது நாற்பது ஆண்டு மண்ணுட் கிடப்பது. நண்பர் இக்கணக்கைப் பார்த்துவிட்டு 10 சதுர மில்லிமீற்றரையே இழுப்பித்தார். 6 போதும் என்பது என் எண்ணம். ஆயினும் அவர் பணம், அவர் முழங்கால், நான் தடுக்கவில்லை.

வடத்தைக் காக்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். சிறு சுற்றுடைப்பான் தொட்டியைக் காப்பதற்கென்று வைக்கப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது காப்பது வடத்தை. சுமையின் ஓட்டத்தினும் சுற்றுடைப்பானின் எண் குறைதல் கூடாது. வடத்தின் கொள்திறனினும் அந்த எண் கூடுதலும் கூடாது. அடிக்கடி விழுகின்றது என்று 20 அம்பியர்ச் சுற்றுடைப்பானைக் கழற்றிவிட்டு, பழைய வடத்திலேயே 32 அம்பியருடையதைப் பூட்டுபவர், வீட்டுக்குத் தீ வைப்பதற்குத் தவணை குறித்தவராவர். இதனை நமது ஊரில் நான் கண்ட வீடுகள் ஒன்றிரண்டல்ல.

உயிரைப் பற்றிய பகுதி இனிமேல்தான் வருகின்றது. நீரில் நனைந்த உடம்பின் தடை மிகக் குறைந்தது. தொட்டியின் உள்ளே ஒரு சுருள் வெடித்து உலோகப் பாகம் எதையேனும் தொட்டுவிட்டால், அதிற் பாயும் வழுவோட்டம் உடனே துண்டிக்கப்படுதல் வேண்டும். வழக்கமான 32 அம்பியர்ச் சுற்றுடைப்பான் கணத்தில் விழுவதற்கு 160 அம்பியர் வரை பாயவேண்டும். அதற்கு வழுப்பாதை முழுவதினதும் தடை 1.4 ஓமுக்குள் அடங்குதல் அவசியம். மெலிந்து நீண்ட வடம் அதிலே பெரும் பங்கைத் தானே தின்றுவிடும். வடம் மெலிந்தால் பம்பி முனகும் என்பது மட்டுமன்று. காவற்கருவி உறங்கிவிடவும் கூடும்.

இங்கிலாந்திலே பல வீடுகளில் புவித்தொடுப்பு, மின்வழங்கலின் நொதுமற் கம்பியோடு இணைந்தே வருகின்றது. வீட்டுக்குள் அது நல்லது. ஆனாற் தெருவிலே நொதுமற் கம்பி அறுந்துவிட்டால், வீட்டின் புவித்தொடுப்போடு இணைந்த உலோகம் யாவும் ஒருங்கே அழுத்தமேறி நிற்கும். உள்ளே நிற்பவருக்கு எல்லாம் ஒன்றாய் உயர்வதால் அது தெரியாது. வெளியே ஈரப் புல்லிலே வெறுங்காலோடு நின்று தொட்டியின் உலோகத்தைத் தொடுபவரோ, உயர்ந்த அழுத்தத்துக்கும் மெய்யான நிலத்துக்கும் இடையே பாலமாகிவிடுவார். ஆகையால் இத்தகைய வெளித்தொட்டிகளுக்குப் பெரும்பாலும் தனியே ஒரு புவிக்கம்பியை நிலத்தில் அறைந்து, வீட்டுப் புவித்தொடுப்பிலிருந்து பிரித்துவிடுவர். நம் நாட்டிலே வீடுதோறும் நாட்டும் புவிக்கம்பி அதுவேதான். ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. சுண்ணக்கல்லின்மேற் படர்ந்த நமது வறண்ட செம்மண்ணில் அக்கம்பியின் தடை எளிதிலே ஐம்பது ஓமாக இருத்தல் கூடும். 230ஐ ஐம்பதாற் பிரித்தால் 4.6 அம்பியர். 160 அம்பியருக்குக் காத்திருக்கும் சுற்றுடைப்பான் அதனைக் கண்டு கண் விழிக்குமா?

இக்குறையைத் தீர்ப்பதற்கே, நம்மவர் 'ட்ரிப் சுவிச்' என்று வழங்கும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் உள்ளது. போகும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் அது ஓயாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி அம்பியர் அளவு வழிதவறி நிலத்துக்கோ ஒருவர் உடலுக்கோ சென்றுவிட்டால், ஒரு செக்கனின் சிறு பங்கிலே துண்டித்துவிடும். வடம் எத்துணைப் பருத்ததாயினும் இக்கருவியின் இடத்தை நிரப்பாது. அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டிருப்பவர்கள், இம்மலரை மடித்து வைத்துவிட்டு முதலில் அதனை அமத்திப் பார்ப்பார்களாக.

கடைக்குச் செல்லும் இளைஞர்க்கு ஒரு குறிப்பு. இலங்கைக் கடைகளிலே வடத்தைச் சதுர மில்லிமீற்றரில் மட்டுமன்றி 7/0.67 என்றும், 7/1.04 என்றும் கேட்பர். ஏழு இழை, ஒவ்வொன்றின் விட்டமும் 0.67 மில்லிமீற்றர் என்பது பொருள். வட்டத்தின் பரப்பைக் கண்டு ஏழாற் பெருக்கினால் 2.5 சதுர மில்லிமீற்றர் கிடைக்கும். 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6, 7/1.35 என்பது 10. பழைய கல்வீடுகளில் 7/.029 என்ற அடையாளம் காணப்படின், அது அங்குலத்திற் சொன்னது. மூன்று சதுர மில்லிமீற்றரளவு வரும். அவ்வடத்தின் இறப்பர் உறை இந்நேரம் பொடியாகியிருக்கும். பருமனைக் கணக்கிடும் வேலையே அங்கில்லை; முழுவதையும் மாற்றுதல் வேண்டும்.

நண்பரின் வேலையை நான் செய்யவில்லை. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டு முதல் வீட்டு மின்வேலைக்குச் சட்டம் உண்டு. இத்தகைய புதிய மின்சுற்றைப் பதிவு பெற்ற மின்வேலையாளர் செய்து சான்றிதழ் தருதல் வேண்டும், அன்றேல் உள்ளூராட்சி மன்றத்துக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். 10 கேட்டவரையே நண்பர் அழைத்தார். அவர் வழி மாற்றத்தை ஒப்புக்கொண்டார். பஞ்சைப் பற்றி முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "விலையைக் கேட்டார்களே தவிர எவரும் காரணத்தைக் கேட்கவில்லை" என்றாராம்.

மார்கழி மாதம் ஒரு மாலைப்பொழுதில் தொட்டி நிரம்பியது. பம்பிகளும் சுருளும் ஒருங்கே ஓடும்போது அளந்த எண்களை நண்பர் எனக்கு அனுப்பினார். மின்மானியருகே 238 உவோற்று. தொட்டி முனையில் 233. கணக்கிலே வந்த வீழ்ச்சி 5.6, செப்பு 70 பாகைக்குச் சூடேறாதபடியால் சற்றுக் குறைந்திருந்தது. மறுநாட் காலை மற்றொரு கடிதம் வந்தது. முழங்கால் நோவைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை. ஊரிலே தமது பழைய வளவுக் கிணற்றுக்கு மோட்டர் போட எண்ணியிருப்பதாகவும், எந்த வடம் வாங்கலாம் என்றும் கேட்டிருந்தார். வீட்டிலிருந்து கிணறு எத்தனை மீற்றர் என்று எழுதிக் கேட்டிருக்கின்றேன். இன்னும் மறுமொழி வரவில்லை.